அப்பா கடலுக்கடியில், மீசை கழிவுத் தொட்டியில்

என் அப்பா காலமாகிவிட்டார் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தவன் நான்தான். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தால் அறிவித்தேன். இன்று காலையும் அப்பா காஹாங் ஊரில் வீட்டு வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிச் சாப்பிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பதற வேண்டாம். அந்த வேலையை எல்லாருக்கும் சேர்த்து நான் அன்றைக்கே செய்து முடித்துவிட்டேன்.

நான் இயல்பிலேயே பதறுகிறவன். அதை மறைக்கத்தான் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருக்கிறேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில், குழாய்களுக்கான ரப்பர் வளையங்களைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். தண்ணீர் கசிகிறதா, கசிந்தால் எங்கே, ஏன். இவ்வளவுதான் வேலை. பெர்மாஸ் ஜெயாவில் வீட்டுக்குத் திரும்பினால் எங்கள் குழாய்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். (“உங்க டைரியைத் திருடன் எடுத்தாக்கூட ரெண்டு பக்கத்துல தூங்கிடுவான்” என்பது என் மனைவி கலாவின் கருத்து.) இப்படிப்பட்டவனுக்குக் கடலுக்கு அடியில் சிலை வைக்கிற மகள் பிறந்தாள்.

தர்ஷினி சிற்பக்கலை படித்தவள். மெர்சிங்கிலிருந்து படகில் போகிற தீவுகளில் ஒன்றின் அருகே, அவளும் சில கலைஞர்களும் சேர்ந்து கடலடியில் ஒரு காட்சிக்கூடம் அமைத்தார்கள். சுவர் கிடையாது, விளக்கு கிடையாது, செருப்பு விட இடம் கிடையாது. சிமெண்டில் செய்த சிலைகளைக் கடலில் இறக்கி மணல் தரையில் நிறுத்திவிடுவார்கள். முதலில் பாசி பிடிக்கும், பிறகு பவளம் வளரும், மீன்கள் குடிவரும். நாளடைவில் சிலை போய்ப் பாறை ஆகிவிடும். பார்க்க விரும்புகிறவர்கள் முதுகில் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

“கொஞ்ச நாள்ல முகமே தெரியாதுன்னா, எதுக்கும்மா இவ்ளோ நுணுக்கமா செய்யறே?” என்று கேட்டேன்.

“தெரியாமப் போறதுதாம்பா அந்த வேலையே” என்றாள்.

தரக் கட்டுப்பாட்டில் இருக்கிற ஒருவனிடம் சொல்லக்கூடிய பதிலா இது?

அவள் செய்த சிற்பம் ஒரு பஸ் நிறுத்தம். பெஞ்சில் ஒரு முதியவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த முதியவர் என் அப்பா.

அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காஹாங்கில் என் தங்கை வசந்தியோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். வாய் அப்படியில்லை. அவர் முகத்தில் கூழ் போன்ற ஒன்றைத் தடவி, அதன்மேல் மாவுக்கட்டுத் துணியை ஒட்டி தர்ஷினி அச்செடுத்தபோது, மூக்குத் துளைகளில் காற்று போய் வருகிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சு காய்வதற்குள் அப்பா குறட்டை விட்டார். பிரித்து எடுத்ததும்தான் விழித்தார்.

“என்னைக் கடல்லயா போடப் போறே?”

“ஆமா தாத்தா.”

“எனக்கு நீச்சல் தெரியாதேம்மா.”

“நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும், தாத்தா.”

“அங்க பஸ் எப்ப வரும்?”

“வராது தாத்தா.”

“அப்ப காஹாங் மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

சிலையைக் கடலில் இறக்கிய பிறகு தர்ஷினி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். திறப்பு நாளன்று, முகம் மறைவதற்குள், தாத்தா பக்கத்தில் ஒரு தடவை வந்து உட்கார வேண்டும். அவளுடைய முந்தைய கண்காட்சிகள் எதற்கும் நான் போனதில்லை. ஒவ்வொன்றுக்கும் சரியான காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணத்தையும் அவள் கேட்டுக்கொண்டு, “பரவால்லப்பா” என்றாள். கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அந்தப் ‘பரவால்ல’தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. “கண்டிப்பா வரேம்மா” என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் நீச்சல் தெரியாது.

பயிற்சிக்காக ஜோகூர் பாருவில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனேன். பயிற்சியாளர் ஜூல், என் வயதுக்கு நெருங்கிய மலாய்க்காரர். மகள் குழுவினருக்கும் அவர்தான் கடல் வழிகாட்டி. எல்லாரையும் ‘போஸ்’ (முதலாளி) என்றுதான் கூப்பிடுவார். “நீந்தவே வேண்டாம், போஸ். நான் கையைப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் மூழ்கினால் போதும்” என்றார். அதற்கு எனக்குப் பயிற்சியே தேவையில்லையே என்று தோன்றியது.

மூழ்கினேன். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி முகமூடிக்குள் தண்ணீர் வந்தது. வாரை இறுக்கினேன், வந்தது. வேறு முகமூடி மாற்றினேன், அதிலும் வந்தது. மூக்கு வழியாக ஏறி, தொண்டையில் இறங்கி, குளத்தின் பாதியை நான் குடித்த பிறகு ஜூல் என் மூக்குக்குக் கீழே விரலைக் காட்டினார்.

“மீசாய், போஸ்.”

மீசைக்கு மலாயிலும் அதுதான் பெயர் என்பதால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் அழுந்திப் பதிய வேண்டிய இடத்தில் என் மீசை இருந்தது. முடிக்கு முடி இடைவெளி. இடைவெளிதோறும் கசிவு. வேலையிடத்தில் இப்படி ஒரு பொருள் வந்தால் பார்த்த மாத்திரத்தில் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் இது என் முகத்தில் ஒழுங்காக வளர்ந்த ஒரே பொருள். தலையில் இருந்தது எல்லாம் திருமணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. (கலா இதற்குத் தான் பொறுப்பில்லை என்கிறாள்.)

களிம்பு தடவிப் பார்க்கச் சொன்னார் ஜூல். தடவினேன். முகமூடி வழுக்கிக்கொண்டு நெற்றிக்குப் போனது. கடைசியில், “மூக்கை ஒட்டி ஒரு கோடு மாதிரி கொஞ்சம் வெட்டிவிடுங்கள், போதும்” என்றார். நல்ல யோசனை. வேறு எவனாக இருந்தாலும் அதோடு முடிந்திருக்கும்.

திறப்பு நாள் காலை, மெர்சிங் விடுதியின் குளியலறையில் அந்தக் கோட்டை வெட்டினேன். இடப்பக்கம் சற்று மேலே போய்விட்டது. வலப்பக்கத்தை அதற்குச் சமமாக்கினேன். இப்போது வலது மேலே. இடதைச் சரிசெய்தேன். கண்ணாடியை விட்டு விலகி நின்று பார்த்தேன், சரிந்த கூரைபோல் இருந்தது. எந்த ஒழுங்கால் இத்தனை ஆண்டுகள் சம்பளம் வாங்கினேனோ, அதே ஒழுங்கு என் மீசையை இரண்டு பக்கமும் நியாயமாகத் தின்றுகொண்டே போனது. கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தன. ஒன்றுமில்லை.

வெளியே வந்தேன். கலா தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பு கையிலிருக்க அப்படியே நின்றாள்.

“என்னங்க இது.”

“தண்ணி கசியுது கலா.”

“மாமா குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது இப்படி வந்து நிக்கிறீங்களே.”

தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த மகன்தான் மீசையை எடுப்பான். என் தலையில் மழிக்க வேறு எதுவும் மிச்சமில்லாததால், மீசையும் போனதும் தோற்றம் பூரணமாகிவிட்டது. கலா உடனே காஹாங்குக்குப் போன் போட்டாள்.

“மாமா, நல்லா இருக்கீங்களா?”

“யாரு?”

“கலா, மாமா. நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்.”

“இருக்கேன். ஏன், இருக்கக் கூடாதா?”

போனை வைத்துவிட்டு, “சாமிக்கிட்ட வேண்டிக்குங்க” என்றாள். வேண்டிக்கொண்டேன். பிறகு உப்புத் தண்ணீருக்கு ஆகாது என்று அவள் போனையும் என் போனையும் அணைத்து, பையில் போட்டு, காரின் பின்பெட்டியில் பூட்டினேன். முன்யோசனை என்று நினைத்துத்தான் செய்தேன்.

படகில் எனக்கு எதிரே அப்பா வந்தார். மூழ்க முடியாத விருந்தினர்கள் மேலேயிருந்தே பார்ப்பதற்காக, தர்ஷினி தாத்தாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்த தர்ஷினி ஒரு நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வந்து, “எனக்காகவாப்பா?” என்றாள். “கசிவுக்காக” என்றேன். அவள் என் உபகரணங்களை எல்லாம் தானே மாட்டிவிட்டாள். சின்ன வயதில் நான் அவள் காலில் பள்ளிச் சப்பாத்து மாட்டிவிட்ட அதே கவனத்தோடு.

கடலில் இறங்கிய அனுபவத்தை வீரமாக எழுத ஆசைதான். உண்மையில் ஜூல் என்னைச் சந்தையில் வாங்கிய கோழியைப்போல் பிடித்து இறக்கினார். காது அடைத்தது. என் மூச்சு எனக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர் பம்ப் மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு மூச்சும் இதுதான் கடைசி என்று நினைத்தேன், அடுத்தது வந்தபோது நன்றி சொல்லக்கூட நேரமில்லை. ஆனால் முகமூடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த ஒரு திருப்தியைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன்.

பச்சை வெளிச்சத்தில் பெஞ்ச் தெரிந்தது. அதில் அப்பா.

அதே முழங்கால், அதே கூன், ஒரு காதைச் சற்றே முன்னால் நீட்டிக்கொண்டு ‘என்ன சொன்னே?’ என்று கேட்கும் அதே சாய்வு. சட்டைப்பையின் மடிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. காதோரம் சின்ன மீன் ஒன்று நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் மூடியிருந்தன. முகத்தில் அச்செடுத்தால் கண் மூடித்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் மூச்சு நின்றது. ஜூல் என் தோளைத் தட்டி மூச்சை விடச் சொல்லிச் சைகை காட்டினார்.

தர்ஷினி என்னை மெதுவாகப் பக்கத்து இடத்தில் உட்கார வைத்தாள். கால்கள் தாமாக மிதந்து மேலே வர, அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். அப்பாவும் நானுமாக உட்கார்ந்திருந்தோம். நிலத்தில் இப்படிப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் பேசிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் நான் அவர் வீட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயம் கொஞ்சம் விலகியது. அப்போதுதான் அவர் கன்னத்தில் பழுப்பாக ஒரு திட்டு இருந்ததைக் கவனித்தேன்.

கை தானாகப் போயிற்று. தொழில் பழக்கம். கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத் திருப்தியோடு மகளைப் பார்த்தேன். முகமூடிக்குள் அவள் கண்கள் முட்டையளவுக்கு விரிந்திருந்தன. (மேலே வந்த பிறகு விளக்கினாள். அந்தச் சிலையில் முதன்முதலாகக் குடிவந்த உயிர் அதுதானாம். அது வந்துவிட்டதா என்று பார்க்கவே அவள் வாராவாரம் கீழே போய்க்கொண்டிருந்தாளாம்.)

முகமூடிக்குள் தண்ணீர் இருப்பதை அப்போது உணர்ந்தேன். விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. தண்ணீர் உள்ளேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மெர்சிங் படகுத்துறைக்குத் திரும்பியபோது நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதியாக வேண்டும். தர்ஷினி விருந்தினர்களோடு தீவில் தங்கிவிட்டாள். என் கால்சட்டை நனைந்துபோனதால், திறப்பு விழாவுக்கென்று கலா எடுத்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தேன். தோளில் வெள்ளைத் துண்டு. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. “தாத்தாகிட்ட குடுத்துடுங்கப்பா” என்று தர்ஷினி தந்த சட்டம் போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மொட்டைத் தலையும் மீசையில்லாத முகமுமாகப் படகிலிருந்து இறங்கினேன். எங்கள் பக்கத்து ஆட்கள் அஸ்தி கரைக்க மெர்சிங்குக்கு வருவதுண்டு.

கலா கழிவறைக்குப் போயிருந்தாள். எதிரே மீன் பையோடு முத்தையா அண்ணன் வந்தார். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர், இப்போது குளுவாங்கில் இருக்கிறார். பழைய தோட்டத்து ஆட்கள் அனைவரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு அவருடையது. என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி” என்றார். கண் நிறைந்தது அவருக்கு.

எனக்கும் நிறைந்தது. நம் வீட்டுப் பிள்ளையின் கலையை ஒரு மனிதர் இவ்வளவு மதிக்கிறாரே என்று. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விடுவிடுவென்று நடந்தார். ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லிக்கொள்ளாமல் போனது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. (துக்கத்தில் இருப்பவனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.)

வழியில் ஜெமாலுவாங்கில் நிறுத்திச் சாப்பிட்டோம். போன்கள் பின்பெட்டியிலேயே கிடந்தன. நான் வேக வரம்பைத் தாண்டாதவன். இருபுறமும் எண்ணெய்ப்பனை நின்ற சாலையில் எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். அவர்களில் பலர் எங்கே போனார்கள் என்பது காஹாங்கில் அப்பா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது தெரிந்தது.

தெரு முழுக்கக் கார்கள். வாசலில் குவியலாகச் செருப்புகள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் மாலை.

“என்னங்க” என்றாள் கலா. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

காரை எங்கே நிறுத்தினேன், நிறுத்தினேனா என்பதே நினைவில்லை. என் மண்டைக்குள் ஒரே ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான் எடுத்தேன், மாலையில் அவர் போய்விட்டார். படித்தவன், பகுத்துப் பார்க்கிறவன், எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிறவன். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த காரணம் அது ஒன்றுதான். வாசலுக்கு ஓடி வந்தாள் வசந்தி.

“எங்கண்ணே போயிருந்தே? எத்தனை தடவை போன் போட்டேன், எடுக்கவே மாட்டேங்கிறியே” என்று சொல்லிவிட்டு அழுதாள். ஆத்திரத்தில் அழுதாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது என் முழங்கால்கள் மறுபடியும் மிதக்க ஆரம்பித்தன.

உள்ளே போனேன். கூடம் நிறைய ஆட்கள். யாரும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தின் கோடியில் சாய்வு நாற்காலியில் அப்பா. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

போய் உட்கார்ந்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டேன்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். மூக்குக்குக் கீழே சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார்.

“ஏன்டா” என்றார். “உனக்கும் சொல்லிட்டாங்களா?”

நடந்தது இதுதான். முத்தையா அண்ணன் படகுத்துறையிலிருந்தே குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பிவிட்டு, வசந்திக்கு ஆறுதல் சொல்ல நேராகக் காஹாங் வந்திருக்கிறார். கதவைத் திறந்தது அப்பா. அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வசந்தி தண்ணீர் கொடுத்துத் தேற்றுவதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர். குடித்துவிட்டும் யாரும் கிளம்பவில்லை. துக்க வீடென்றால் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். இது துக்க வீடில்லை, ஆகவே சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் வந்த காரணத்தை அப்பாவிடம் என்னவென்று சொல்வது? இந்தச் சிக்கலில் எல்லாரும் மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா களைத்துத் தூங்கிவிட்டார். அவரை எழுப்பக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூலையிலிருந்து முத்தையா அண்ணன் மெல்ல எழுந்தார். “மாமா, தம்பி மூஞ்சியைப் பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பாங்க.”

“அவன் மூஞ்சி பொறந்ததிலேர்ந்தே அப்படித்தான்” என்றார் அப்பா. “சரி, நம்ம தோட்டத்துச் சின்னக்கண்ணு ஏன் வரல? அவனுக்குத் தகவல் போகலையா?”

“போச்சு மாமா. வேலையாம்.”

“இருக்கட்டும். அவன் சாவுக்கு நான் போறேனா பாரு.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மாலை கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். கலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் கை இன்னும் அப்பாவின் கன்னத்தில்தான் இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு, அப்பா தன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கடல்ல எப்படி இருக்கேன்?”

“நல்லா இருக்கீங்கப்பா.”

“மீன் வருதா?”

“வருதுப்பா. காதுகிட்டயே நிக்குது.”

“அந்தக் காது கேக்காதுன்னு அதுக்குச் சொல்லு” என்றவர், படத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் இருக்கிற வரைக்கும் இனிமே நீ அதுல கை வைக்கக் கூடாது. புரியுதா?”

“புரியுதுப்பா.”

மீசை திரும்ப வளரும்வரை தினமும் காலையில் வீடியோவில் என்னை அழைத்து, பக்கவாட்டில் திரும்பச் சொல்லிச் சோதித்தார். அன்றிலிருந்து எங்கள் உறவில் யாரும் என்னிடம் ‘அப்பா எப்படி இருக்காரு?’ என்று கேட்பதில்லை. கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் ஒரே கேள்விதான். ‘மீசை எப்படி இருக்கு?’ நானும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்காரு’ என்கிறேன்.

போன மாதம் தர்ஷினி மறுபடியும் கூப்பிட்டாள். தாத்தாவின் தோளில் பவளம் பிடித்திருக்கிறதாம். முகம் இனி அதிக நாள் தெரியாதாம். போனேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து முகமூடியை மாட்டியபோது, ஜூல் என் மூக்குக்குக் கீழே பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“மீசாய், போஸ். தண்ணீர் வரும்.”

“வரட்டும் லா” என்றேன்.